பெரிய கோப்பைத் துண்டு துண்டாகப் படிப்பது எப்படி? சிங்கப்பூர்த் தரவை வைத்து ஒரு பயிற்சி

மாலை வகுப்பில் பைத்தான் கற்றுக்கொண்டவர்களிடம் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது: “வகுப்பில் கொடுத்த கோப்பு நன்றாக ஓடியது. வெளியிலிருந்து ஒன்றை இறக்கிப் போட்டால் மடிக்கணினி அப்படியே உறைந்துவிடுகிறது.” வகுப்பில் தருவது இருநூறு வரி. வெளியே கிடைப்பது பல மில்லியன் வரி. வித்தியாசம் அளவில் மட்டும் இல்லை, படிக்கும் முறையே மாற வேண்டும்.

இந்தக் கட்டுரைக்குச் சிங்கப்பூர் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் டேட்டாமால் என்ற தரவுத் தளத்தில் கிடைக்கும் ஒரு கோப்பை எடுத்துக்கொள்வோம். எந்தப் பேருந்து நிறுத்தத்தில் ஏறி எந்த நிறுத்தத்தில் இறங்கினார்கள் என்று மாதவாரியாகச் சொல்லும் சிஎஸ்வி கோப்பு, அதாவது பத்திகளைக் கால்புள்ளியால் பிரித்த எழுத்துக் கோப்பு அது. மின்னஞ்சல் கொடுத்துப் பதிந்துகொண்டால் இலவசமாக ஒரு சாவி, அதாவது கடவுச்சொல் மாதிரி ஒரு குறியீடு, அனுப்புவார்கள். சாவியைக் காட்டிக் கேட்டால் கோப்புக்கான இணைப்பு வரும். இணைப்பு சில நிமிடங்களில் காலாவதியாகிவிடும், வந்தவுடன் இறக்கிவிடுங்கள். ஒவ்வொரு வரியிலும் ஏழு பத்திகள்: மாதம், வார நாளா விடுமுறையா, மணி, போக்குவரத்து வகை, ஏறிய நிறுத்தத்தின் எண், இறங்கிய நிறுத்தத்தின் எண், மொத்தப் பயணங்கள்.

எக்செல்லில் திறந்து பார்க்கலாமே என்று தோன்றும். எக்செல் ஒரு தாளில் 1,048,576 வரிகளுக்கு மேல் வைக்காது. மீதி காணாமல் போகும். அப்படியே சேமித்தீர்கள் என்றால் உங்கள் பிரதியும் போச்சு.

பைத்தான் கட்டளைகளின் பெயர்களை இங்கே ஒலிப்பில்தான் எழுதுகிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள். மாறிகளுக்கு மட்டும் மொத்தம், வரி என்று தமிழிலேயே பெயர் வைக்கலாம். பைத்தான் 3 முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொள்ளும்.

இருநூறு மெகாபைட் எப்படி இரண்டரை ஜிகாபைட் ஆகிறது

ஒரு வரியில் ஏறக்குறைய 40 எழுத்து. ஐந்து மில்லியன் வரி என்று வைத்துக்கொண்டால் கோப்பின் அளவு 200 மெகாபைட். என் கணினியில் 8 ஜிகாபைட் ரேம் இருக்கிறதே, இது எந்த மூலைக்கு என்று நினைப்பீர்கள்.

பைத்தானில் ஒவ்வொரு சரமும், அதாவது எழுத்துத் தொடரும், தனிப் பொருள். உள்ளே ஐந்து எழுத்துதான் இருந்தாலும், பொருள் என்ற முறையில் அதற்கு மேல்செலவாக நாற்பது ஐம்பது பைட் போகும். வரியைக் கால்புள்ளியில் பிரித்து ஏழு சரமாக்கினால் சரத்துக்கு 60 பைட்டை ஒட்டி ஆகிறது. அவற்றைத் தாங்கும் பட்டியலுக்கு இன்னும் நூற்றுச் சொச்சம். ஆக வரிக்கு 500 பைட்டுக்கு மேல். ஐந்து மில்லியனால் பெருக்குங்கள்: இரண்டரை ஜிகாபைட்டைத் தாண்டிவிட்டது. பக்கத்தில் உலாவியில் இருபது தாவல் திறந்திருக்கும், அது வேறு. ‘ரீட்லைன்ஸ்’ என்ற கட்டளையைப் புதியவர்கள் தொடாமல் இருப்பதே நல்லது என்று சொல்வது இதனால்தான். அது கோப்பு முழுவதையும் மெமரிக்குள் இழுத்துப் போட்டுவிட்டுத்தான் அடுத்த வேலையைப் பார்க்கும்.

முதலில் விடையின் அளவைப் பாருங்கள்

நிரலில் கை வைப்பதற்கு முன் ஒரு கேள்வி: எனக்கு வேண்டிய விடை எவ்வளவு பெரியது?

காலை எட்டு மணிக்கு எந்த நிறுத்தத்தில் அதிகம் பேர் ஏறுகிறார்கள் என்று தெரிய வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் இருக்கும் பேருந்து நிறுத்தங்கள் ஐந்தாயிரத்தைச் சற்றுத் தாண்டும். அப்படியென்றால் விடை என்பது ஐந்தாயிரம் பெயர், ஐந்தாயிரம் கூட்டுத்தொகை. ஒரு சின்ன டிக்‌ஷனரியில் அடங்கிவிடும். கோப்பு எத்தனை மில்லியன் வரி இருந்தால் என்ன, ஒவ்வொரு வரியாகக் கையில் வாங்கி, அதிலிருக்கும் எண்ணை உரிய நிறுத்தத்தின் கணக்கில் கூட்டிவிட்டு, வரியை விட்டுவிடலாம். எந்த நேரத்திலும் மெமரியில் இருப்பது ஒரு வரியும் அந்த டிக்‌ஷனரியும்தான்.

விடையே கோப்பளவு பெரியதாக இருந்தால், உதாரணமாக எல்லா வரியையும் வேறு வரிசையில் அடுக்க வேண்டும் என்றால், துண்டு துண்டாகப் படிப்பது மட்டும் போதாது. அதற்கு எஸ்கியூலைட் மாதிரி ஒரு தரவுத்தளத்தில் ஏற்றிவிடுவது உத்தமம். அது பைத்தானுடனேயே வருகிறது.

வரி வரியாகப் படித்தல்

‘வித் ஓப்பன்’ என்று தொடங்கிக் கோப்பைத் திறந்து, அதன் கீழே ‘ஃபார் வரி இன் கோப்பு’ என்று ஒரு சுற்று எழுதுங்கள். அவ்வளவுதான். பைத்தான் கேட்கக் கேட்க ஒவ்வொரு வரியாகத் தரும். ‘வித்’ போடுவதால் நடுவில் பிழை வந்து நின்றாலும் கோப்பு ஒழுங்காக மூடப்படும்.

திறக்கும்போது எழுத்துக் குறியாக்கம் யூடிஎஃப்-8 என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் விண்டோஸில் பைத்தான் பழைய குறியாக்கத்தை எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு, தமிழ் எழுத்தெல்லாம் கிறுக்கலாகிவிடும். எக்செல்லில் சேமித்த கோப்பாக இருந்தால் ‘யூடிஎஃப்-8-சிக்’ என்று கொடுங்கள். இல்லையென்றால் முதல் பத்தியின் பெயருக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி ஒட்டிக்கொண்டு, “அப்படி ஒரு பத்தியே இல்லை” என்று நிரல் சண்டை பிடிக்கும்.

சிஎஸ்வி கோப்பைக் கால்புள்ளியில் நீங்களாக வெட்டாதீர்கள். மேற்கோள் குறிக்குள் கால்புள்ளி வரலாம், புதுவரிகூட வரலாம். பைத்தானோடு வரும் ‘சிஎஸ்வி’ தொகுதியின் ‘ரீடர்’ இதையெல்லாம் பார்த்துக்கொள்ளும், அதுவும் ஒவ்வொரு வரியாகத்தான் படிக்கும். அதற்குக் கொடுக்கும் கோப்பைத் திறக்கும்போது ‘நியூலைன்’ என்பதற்கு வெற்றுச் சரம் கொடுக்க வேண்டும்.

இனி நம் பேருந்துக் கோப்பு. முதல் வரி தலைப்பு, ‘நெக்ஸ்ட்’ போட்டு ஒதுக்கிவிடுங்கள். பிறகு வரும் ஒவ்வொரு வரியிலும் மணி 8 தானா என்று பாருங்கள். ஆமென்றால் ஏழாம் பத்தியை ‘இன்ட்’ போட்டு எண்ணாக்கி, ஐந்தாம் பத்தியில் இருக்கும் நிறுத்தத்தின் கணக்கில் கூட்டுங்கள். கூட்டுவதற்கு ‘கலெக்‌ஷன்ஸ்’ தொகுதியில் இருக்கும் ‘கவுண்டர்’ வசதியானது. கடைசியில் ‘மோஸ்ட் காமன்’ கட்டளைக்கு 10 என்று கொடுத்தால் முதல் பத்து நிறுத்தத்தைத் தானே தரும். இந்த எண்கள் நாள் கணக்கு இல்லை, அந்த மாதத்து மொத்தம் என்பதையும், வார நாளும் வார இறுதியும் தனித்தனி வரியாக வரும் என்பதையும் மறக்காதீர்கள்.

ஏழாம் பத்தியை எண்ணாக்குங்கள், ஐந்தாம் பத்தியை எண்ணாக்காதீர்கள். நிறுத்தத்தின் எண் ஐந்து இலக்கம். நகர மையத்தில் பல எண்கள் பூஜ்யத்தில் தொடங்கும். விக்டோரியா ஸ்திரீட்டில் 01012 என்று ஒரு நிறுத்தம் இருக்கிறது. எண்ணாக மாற்றினால் அது 1012 ஆகிவிடும். பிறகு நிறுத்தப் பெயர்கள் இருக்கும் இன்னொரு கோப்போடு பொருத்தும்போது நகர மையம் முழுவதும் பெயரில்லாமல் நிற்கும். பார்க்க எண் மாதிரி இருந்தாலும் அது பெயர்தான். நம் அஞ்சல் குறியீட்டுக்கும் இதே கதை.

கோப்பு ஸிப்பில் வரும். விரித்துத்தான் ஆக வேண்டும் என்றில்லை. ‘ஸிப்ஃபைல்’ தொகுதி உள்ளே இருப்பதை அப்படியே திறந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தரும். ஆனால் அது எழுத்தாக இல்லாமல் பைட்டாகத் தரும் என்பதால் மேலே ‘டெக்ஸ்ட்ஐஓராப்பர்’ ஒன்றைப் போர்த்த வேண்டும்.

முழுக் கோப்பையும் ஓட விடுவதற்கு முன் முதல் ஆயிரம் வரியோடு ‘பிரேக்’ போட்டு நிறுத்திப் பாருங்கள். பத்து நிமிடம் ஓடிய பிறகு எழுத்துப் பிழையைக் கண்டுபிடிப்பது போல எரிச்சல் வேறில்லை.

பாண்டாஸில் துண்டுகள்

அட்டவணைத் தரவைக் கையாளும் பைத்தான் நூலகமான பாண்டாஸ் பழகியவர்கள் ‘ரீட் சிஎஸ்வி’ கட்டளையில் ‘சங்க்சைஸ்’ என்று ஒன்று சேர்த்து 100,000 என்று கொடுத்தால் போதும். அட்டவணை முழுதாக வராமல், ஒரு லட்சம் வரி கொண்ட சிறு அட்டவணைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். கூடவே ‘யூஸ்கால்ஸ்’ கொடுத்து வேண்டிய பத்திகளை மட்டும் கேளுங்கள். பல சமயம் அதுவே பிரச்சினையைத் தீர்த்துவிடும், துண்டே தேவைப்படாது.

இங்கே பயிற்சிக்கு வேறொரு கோப்பு நல்லது: வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் மறுவிற்பனை விலைகள். அரசாங்கத்தின் திறந்த தரவுத் தளத்தில் 1990 முதல் இருக்கிறது, 2017 ஜனவரிக்குப் பிந்தையவை ஒரே கோப்பில். உண்மையில் இது சின்னக் கோப்பு, எந்த மடிக்கணினியும் ஒரே மூச்சில் படித்துவிடும். அதனால்தான் பயிற்சிக்கு ஏற்றது. முழுதாகப் படித்து ஒரு விடை, துண்டாகப் படித்து ஒரு விடை, இரண்டும் ஒன்றுதானா என்று பார்த்துவிடலாம். பெரிய கோப்பில் அந்த வாய்ப்பு கிடைக்காது.

சராசரி விலையைக் கேளுங்கள். துண்டுக்கு ஒரு சராசரி எடுத்து, அந்தச் சராசரிகளுக்கு ஒரு சராசரி எடுப்பதுதான் கை தானாகப் போகும் வழி. தப்பு அங்கேதான். எடுத்துக்காட்டுக்கு, ஒரு துண்டில் மூன்று வீடுகள்: 500,000, 520,000, 540,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). சராசரி 520,000. கடைசித் துண்டில் மிச்சமாக ஒரே வீடு, 800,000 வெள்ளி. இரண்டு சராசரிகளின் சராசரி 660,000. ஆனால் நான்கு வீட்டையும் கூட்டி நான்கால் வகுத்தால் 590,000. துண்டுகள் சம அளவில் இருந்தால் தப்பிக்கலாம், கடைசித் துண்டு சமமாக இருப்பது அபூர்வம். ஊர்வாரியாக, அறைவாரியாகப் பிரித்தால் எந்தத் துண்டும் சமமாக இருக்காது. ஆகவே கூட்டுத்தொகையையும் எண்ணிக்கையையும் தனித்தனியாகச் சேர்த்துக்கொண்டே போங்கள். வகுத்தல் கடைசியில் ஒரே ஒரு தடவை.

நடுமதிப்பு, அதாவது விலைகளை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் விலை, வேண்டும் என்றால் இந்த வித்தையும் பலிக்காது. துண்டுகளின் நடுமதிப்பிலிருந்து மொத்தத்தின் நடுமதிப்பு வராது. ஒரு வழி இருக்கிறது: விலையை ஆயிரம் வெள்ளிக்கு முழுமையாக்கி, எந்த விலைக்கு எத்தனை வீடு என்று ஒரு டிக்‌ஷனரியில் எண்ணுங்கள். அதன் சாவிகள், அதாவது வெவ்வேறு விலைகள், இரண்டாயிரத்துக்குள் அடங்கிவிடும். முடிவில் சிறிய விலையிலிருந்து எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போய்ப் பாதியைத் தொடும் இடத்தில் நில்லுங்கள். ஆயிரம் வெள்ளி முன்பின் இருக்கும், வீட்டு விலைக்கு அது பொருட்டில்லை.

இன்னொன்று, கொஞ்சம் நுட்பமானது. புளோக் எண் பத்தியில் 406 என்றும் இருக்கும், 510B மாதிரி பின்னால் ஓர் எழுத்தோடும் இருக்கும். பாண்டாஸ் ஒவ்வொரு துண்டையும் பார்த்துத்தான் அந்தப் பத்தி எண்ணா எழுத்தா என்று ஊகிக்கிறது. எழுத்தே இல்லாத துண்டில் 406 எண்ணாக வரும், எழுத்து கலந்த துண்டில் அதே 406 சரமாக வரும். நீங்கள் கூட்டி வைத்த டிக்‌ஷனரியில் ஒரே புளோக் இரண்டு சாவிகளில் உட்கார்ந்திருக்கும். பிழைச் செய்தி எதுவும் வராது. ‘டிடைப்’ கொடுத்து அந்தப் பத்தி சரம் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் தீர்ந்தது.

பழைய ஆண்டுகளையும் சேர்ப்பவர்களுக்கு: பத்தியைப் பெயரால் கேளுங்கள், இடத்தால் கேட்காதீர்கள். 2015-க்கு முந்தைய கோப்புகளில் மீதமுள்ள குத்தகைக் காலம் என்ற பத்தி இல்லை. அதனால் விலை அங்கே பத்தாம் பத்தி, புதியவற்றில் பதினொன்றாம் பத்தி.

வரியே இல்லாத கோப்புகள்

படம், ஒலி, ஸிப் இவற்றில் வரி என்று ஒன்று இல்லை. அங்கே பைட் கணக்கில்தான் வெட்ட வேண்டும். கோப்பை ‘ஆர்பி’ முறையில் திறந்து, ‘ரீட்’ கட்டளைக்கு எத்தனை பைட் வேண்டும் என்று எண் கொடுங்கள். ஒவ்வொரு தடவையும் விட்ட இடத்திலிருந்து அத்தனை பைட் வரும். கோப்பு முடிந்ததும் வெறுமை வரும். வெறுமை வந்தால் சுற்றை நிறுத்து என்று எழுதுங்கள். கடைசித் துண்டு நீங்கள் கேட்டதைவிடக் குறைவாக வரும், அதை முடிவு என்று எடுத்துக்கொண்டு தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

துண்டின் அளவு எவ்வளவு? ரொம்ப யோசிக்காதீர்கள். 64 கிலோபைட்டிலிருந்து ஒரு மெகாபைட் வரை எதுவும் சரி. பைட் பைட்டாகப் படித்தால் ஊர்ந்துபோகும், நூறு மெகாபைட்டாகப் படித்தால் மெமரி வீண்.

இறக்கிய கோப்பு பழுதில்லாமல் வந்ததா என்று பார்க்க இந்த முறை அருமையாகப் பொருந்தும். தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் விக்கிமீடியா தளத்திலிருந்து ஒரே சுருக்கக் கோப்பாக இறக்கலாம். பக்கத்திலேயே சரிபார்ப்புக் குறியீடும், அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட ஒரு சிறு கைரேகையும், கொடுத்திருப்பார்கள். ‘ஹேஷ்லிப்’ தொகுதியில் ஒவ்வொரு துண்டையும் ‘அப்டேட்’ செய்துகொண்டே போய்க் கடைசியில் வரும் குறியீட்டை ஒப்பிடுங்கள். எங்கே வெட்டினாலும் குறியீடு மாறாது.

எழுத்துக் கோப்பு அப்படி இல்லை. அதிலும் தமிழ் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். ‘தமிழ்’ என்று எழுதினால் நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடுக்கு ஐந்து குறி: த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. கோப்பில் பதினைந்து பைட். துண்டின் அளவாக நாம் வழக்கமாகக் கொடுப்பது இரண்டின் அடுக்கு, 65,536 அல்லது 1,048,576. இரண்டின் எந்த அடுக்கும் மூன்றால் வகுபடாது. இடைவெளியும் புதுவரியும் ஒரு பைட் என்பதால் வெட்டு எங்கே விழும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாதுதான். ஆனாலும் பெரிய கோப்பில் ஏதாவது ஒரு வெட்டு ஓர் எழுத்தின் நடுவே விழுவது ஏறக்குறைய நிச்சயம். உடனே ‘யூனிகோட் டிகோட் எரர்’. சோதனைக் கோப்பு ஆங்கிலத்தில் இருந்தால் இந்தப் பிழை வரவே வராது, தமிழ்க் கோப்பைக் கொடுத்த அன்றுதான் தலைகாட்டும்.

‘எரர்ஸ் இக்னோர்’ என்று சேர்த்துவிடுங்கள், பிழை போய்விடும் என்று யாராவது சொல்வார்கள். போய்விடும், கூடவே எழுத்தும் போய்விடும். அந்த யோசனையைக் கேட்காதீர்கள். ‘கோடெக்ஸ்’ தொகுதியில் ‘இன்கிரிமென்டல் டிகோடர்’ இருக்கிறது. அரைகுறையாக நிற்கும் பைட்டுகளை அது தன் கையில் வைத்திருந்து அடுத்த துண்டோடு சேர்த்துத் தரும். இன்னும் எளிய வழி, கோப்பை எழுத்து முறையில் திறந்து ‘ரீட்’ கட்டளைக்கு எண் கொடுப்பது. அப்போது எண் என்பது பைட் இல்லை, குறி. பைட் உடையும் தொல்லை இல்லை.

ஆனால் அதிலும் ஒரு பள்ளம். ‘க்’ என்பது க, புள்ளி என்று இரண்டு குறி. வெட்டு அவற்றுக்கு நடுவே விழுந்தால் ஒரு துண்டு ‘க’ என்று முடியும், அடுத்தது தனிப் புள்ளியில் தொடங்கும். பிழைச் செய்தி வராது. நீங்கள் மெய்யெழுத்துகளை எண்ணிக்கொண்டிருந்தால் ஒன்று குறையும், சொற்களை எண்ணினால் ஒரு சொல் இரண்டாகும். ஆகவே சொல் தொடர்பான வேலை எதுவானாலும் துண்டின் கடைசி இடைவெளிக்குப் பிறகு நிற்பதை எடுத்து ‘மிச்சம்’ என்று ஒரு மாறியில் வையுங்கள். அடுத்த துண்டு வந்ததும் அதன் தலையில் ஒட்டுங்கள். சுற்று முடிந்த பிறகும் மிச்சத்தில் ஒரு சொல் நிற்கும். அதையும் எண்ணிவிட்டு வெளியே வாருங்கள்.

ஒரே ஒரு சொல்லைத் தேடுவதானால் இன்னும் துல்லியமாகச் செய்யலாம். ‘சிங்கப்பூர்’ பதினொரு குறி, 33 பைட். ஒவ்வொரு துண்டின் கடைசி 32 பைட்டை மட்டும் அடுத்த துண்டுக்கு முன்னால் ஒட்டிக்கொண்டால் எல்லையில் விழும் சொல் தப்பாது. 32 பைட்டுக்குள் முழுச் சொல் அடங்காது என்பதால் ஒன்றையே இரண்டு தடவை எண்ணவும் மாட்டீர்கள்.

தரவை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி எழுதும் ஜேசன் கோப்புகள் தனி ரகம். நிலப் பயன்பாட்டு வரைபடம் போன்ற ஜியோஜேசன் கோப்புகளில் முழுக் கோப்பும் ஒரே வரியாக இருந்தால், வரி வரியாகப் படிப்பதாக நினைத்து மொத்தத்தையும் விழுங்கிவிடுவீர்கள். ‘ஐஜேசன்’ என்ற நூலகத்தைப் பயன்படுத்துங்கள், பொருள் பொருளாகப் பிரித்துத் தரும்.

ஓடி முடிந்ததும்

சுற்றுக்குள் ‘அப்பெண்ட்’ இருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள். வரி வரியாகப் படித்து, படித்ததையெல்லாம் ஒரு பட்டியலில் சேர்த்துக்கொண்டே போனால் ‘ரீட்லைன்ஸ்’ செய்ததைத்தான் நீங்களும் மெதுவாகச் செய்கிறீர்கள். பத்து லட்சம் வரிக்கு ஒரு தடவை எண்ணை அச்சிட வையுங்கள், நிரல் ஓடுகிறதா தூங்குகிறதா என்று தெரியும்.

கடைசியாக, படித்த வரிகளை எண்ணும் ஒரு மாறி வைத்து, மேக் அல்லது லினக்ஸ் முனையத்தில் ‘டபிள்யூசி’ கட்டளைக்கு ‘எல்’ கொடுத்து வரும் எண்ணோடு ஒப்பிடுங்கள். தலைப்பு வரிக்காக உங்கள் எண் ஒன்று குறைவாக இருக்க வேண்டும். இரண்டும் சமமாக இருந்தால் கோப்பின் கடைசி வரிக்குப் பின் புதுவரிக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் கட்டளை எண்ணுவது புதுவரிக் குறிகளைத்தான். உங்கள் எண் பெரிய அளவில் குறைந்தால் ஒன்று ஏதோ ஒரு பத்தியில் மேற்கோள் குறிக்குள் புதுவரிகள் இருக்கின்றன, அல்லது கடைசித் துண்டை விட்டுவிட்டீர்கள்.